கண்ணாடி வராந்தாவில் நூறு மீட்டர்

"நடக்கலாம்," என்று சொல்லிவிட்டு டாக்டர் கோமதிநாயகம் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். கொளஞ்சி மஞ்சள் கோட்டைத் தாண்டி வலது காலை எடுத்து வைத்தாள். அவர் இரண்டடி பின்னால், அவளுடைய குதிகாலைப் பார்த்தபடி தொடர்ந்தார். இந்தக் கோட்டிலிருந்து எதிர்க் கோடு இருபத்தைந்து மீட்டர். போய், வந்து, மறுபடி போய், மறுபடி வந்தால் நூறு. அந்த நூறைக் கைத்தடி இல்லாமல், சுவரைத் தொடாமல் நடந்து முடித்துவிட்டால் அவளுக்கு இன்னும் ஆறு மாதத்துக்கு இலவசத் திட்டத்தில் ஊசி மருந்து கிடைக்கும். வழியில் கை எதிலாவது பட்டால் இன்றோடு மருந்து நின்றுவிடும். திட்டக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவளைப் போன்றவர்கள் வெளியில் வாங்கிப் போட்டுக்கொள்கிற மருந்து இல்லை அது. அவளுடைய கைத்தடி வராந்தாவின் கோடியில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த புருஷன் மதியழகனின் மடியில் கிடந்தது. மணி ஒன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. வெளியே நாற்பத்தொரு டிகிரி என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். இந்த வராந்தாவுக்குள் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கட்டிடத்துக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில் யாரும் அளக்கவில்லை. யாரும் என்றால் வேறு யார், அவர்தான் அளக்கவில்லை.

எந்தக் கிறுக்குப் பயல் கட்டினான் இதை? மூன்றாவது மாடி, தலைக்கு மேலே மொட்டை மாடி, மேற்கே முழுக்கக் கண்ணாடி, திறக்கிற மாதிரி ஒரு ஜன்னல் கிடையாது. திறப்பு விழாவில் மந்திரி வந்து கண்ணாடியைத் தட்டிப் பார்த்து வெளிநாடு மாதிரி இருக்கிறது என்றார். டீன் சிரித்தார். கோமதிநாயகமும் சிரித்தார். ஏசி எல்லாம் அறைகளுக்கு, இயந்திரங்களுக்கு. ஸ்கேன் இயந்திரம் இருபத்திரண்டு டிகிரிக்கு மேல் போனால் மணி அடிக்கும், ஆள் ஓடி வருவான். மனுஷி மணி அடிக்க மாட்டாள். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. அவர் தரைக் கல்லை எண்ணிக்கொண்டு வந்தார், அது பழக்கம். காலையில் இந்த வராந்தா முழுக்க வெளிநோயாளிகள், நெருக்கியடித்துக்கொண்டு, டிபன் பாக்ஸும் எக்ஸ்ரே கவருமாக. பன்னிரண்டரைக்கு அவர்கள் போன பிறகுதான் நடக்க இடம் கிடைக்கும். அதனால் நடைச் சோதனை எப்போதும் பன்னிரண்டரைக்கு மேல். வராந்தா காலியாவதை வைத்து வைத்த நேரம் அது. அதற்கு வேறு யோசனையே கிடையாது. கொளஞ்சியின் பின்கழுத்தில் வியர்வை இறங்கி ரவிக்கையின் விளிம்பை நனைத்திருந்தது. விடியற்காலை பஸ் ஏறியிருப்பாள். எத்தனை மணிக்கு ஏறினாள் என்று கேட்கக் கூடாது. சோதிக்கிற டாக்டர் வேறு, வைத்தியம் பார்க்கிற டாக்டர் வேறு. வைத்தியம் பார்க்கிறவர் பேசலாம். சோதிக்கிறவர் நடக்கலாம், திரும்பலாம், நிற்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பேச்சுக் கொடுத்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் அரை மதிப்பெண் கூடும் என்று அவரே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நோயாளிகள் தங்களுக்குள் அவரை ஊமை டாக்டர் என்று சொல்வது அவருக்குத் தெரியும். இத்தனை நாள் அதில் ஒரு பெருமைகூட இருந்தது. ஊமை. சரியான பெயர்தான் வைத்திருக்கிறார்கள். செவிடு என்பதையும் சேர்த்து வைத்திருக்கலாம்.

"திரும்பலாம்," என்றார். அவள் திரும்பும்போது இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, கைகள் இரண்டும் கொஞ்சம் விரிந்து, பிறகு நேரானது. முகம் ஒரு நொடி தெரிந்தது. அவரைப் பார்க்கவில்லை அவள், எதிர்க் கோட்டைப் பார்த்தாள். இருபத்தைந்து முடிந்தது. திங்கட்கிழமை இதே நேரத்துக்கு இங்கே மேல்தளத்தில் ஏதோ ரிப்பேர், ஏணி போட்டு ஆட்கள் நின்றார்கள். ஆய்வுப் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிசில்லா அவரைக் கேட்காமலே இரண்டு நோயாளிகளைப் பழைய கட்டிடத்துக்கு, ரத்த வங்கிக்குப் பக்கத்து வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பாதி தரைக்குக் கீழே இருக்கிற வராந்தா, எப்போதும் ஈரச் சுவர் வாசனை, செருப்பைக் கழற்றினால் கால் சில்லென்று இருக்கும். அங்கே அந்த இரண்டு பேரும் போன தடவையைவிட அதிகம் நடந்தார்கள். ஒருத்தர் இருமடங்கு. கோமதிநாயகத்துக்கு வந்த கோபத்தில் பிரிசில்லாவை எண்ணத் தெரியாதவள் என்றார். அளக்காத இடத்தில் யார் சோதனை வைக்கச் சொன்னது என்றார். அவரே டேப்பை எடுத்துக்கொண்டு போய் முட்டி போட்டு அளந்தார். இருபத்தைந்து மீட்டர், ஒரு விரல்கடை கூடவோ குறையவோ இல்லை. ஏன் இருக்கும், அந்தக் கோட்டைப் போட்டவரே அவர்தானே. முதல் ஏழு வருஷம் ஆய்வில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் அவர் நடக்க வைத்தது அங்கேதான். ஏழு வருஷம். இந்த இடத்தில் வந்ததும் யோசனை முட்டி நின்றது, செக்கு மாடு நடுவில் சண்டி பண்ணி நிற்கிற மாதிரி. ஏழு. அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற எண் அது. ஏழாம் ஆண்டுச் சரிவு. நம் ஊர் நோயாளிகள் ஏழாவது வருஷத்தில் திடீரென்று ஒரு படி கீழே இறங்குகிறார்கள், அதன் பிறகு மருந்து வேலை செய்வதில்லை, ஆகவே நூறு மீட்டர் நடக்க முடியாதவருக்கு மருந்தை நிறுத்தி, முடிகிறவருக்குக் கொடுக்கலாம். இதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. வியன்னாவில் மேடை ஏறிச் சொன்னார், எழுந்து நின்று கை தட்டினார்கள். பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் வந்தது. அந்த அரைப் பக்கத்தைக் காட்டித்தான் மருந்துத் திட்டத்துக்கு விதி எழுதினார்கள். எழுதினார்கள் என்ன எழுதினார்கள், கூப்பிட்டு உட்கார வைத்து எழுதச் சொன்னார்கள், அவர் எழுதினார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பதினாலு மாதத்துக்குள் ஆய்வில் சேர்ந்தவர்கள். எல்லாருக்கும் ஏழாவது வருஷம் ஒன்றாகத்தான் வந்தது. அந்த வருஷம்தான் துறையை இந்தக் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். மேஜையை மாற்றியது ஞாபகம் இருக்கிறது, அலமாரியில் பல்லி முட்டை இருந்தது ஞாபகம் இருக்கிறது. வராந்தாவும் மாறியது என்பது மட்டும் எப்படி ஐயா ஞாபகம் இல்லாமல் போயிற்று?

"திரும்பலாம்." ஐம்பது. இந்தத் தடவை திரும்பும்போது வலது கட்டைவிரல் கல்லில் உரசியது. அந்தச் சத்தம் அவருக்கு மட்டும் கேட்கும். பாதத்தைத் தூக்குகிற தசைக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அவருக்கு இதெல்லாம் தெரியாதது இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். இந்த நோயில் நரம்பின் மேலிருக்கிற உறையை உடம்பே அரித்துத் தின்றுவிடும். உறை போன நரம்பு கரை உடைந்த வாய்க்கால் மாதிரி. தண்ணீர் போகும், ஆனால் வழியெல்லாம் கசிந்து, கடைமடைக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினால் போதும், கசிவு கூடிவிடும், கடைமடை காய்ந்துவிடும். கால்தான் கடைமடை. சூடு இறங்கினால் தண்ணீர் மறுபடி வரும். நோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, வெறும் சூடு. ஸ்கேன் வருவதற்கு முந்தைய காலத்தில் டாக்டர்கள் சந்தேகப்பட்ட ஆளை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து, கண் மங்குகிறதா, கால் சோர்கிறதா என்று பார்த்து நோயைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்து டாக்டர்கள் நோயாளியை வேக வைத்துப் பதம் பார்த்தார்கள் என்று அவர் வருஷா வருஷம் வகுப்பில் சொல்வார். பையன்களும் பெண்களும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் அவரும் லேசாகச் சிரிப்பார். சொல்லிவிட்டு இங்கே வந்து, இருபத்தைந்து மீட்டர் நீளத்துக்குத் தொட்டி கட்டி, அதற்குள் ஆட்களை நடக்க விட்டு, பின்னாலேயே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு போனார். படித்தவனுக்குத்தான் இந்தப் பிழை வரும். படிக்காதவர்களுக்கு வரவில்லை. அவர்கள் நடக்கப் போகுமுன் குழாயடிக்குப் போய்த் தலையை நனைத்துக்கொண்டு வந்தார்கள், ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். நனைச்சுக்கிட்டா கால் வருது சார் என்று யாரோ சொன்னபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். வெளி உதவி எதுவும் கூடாது என்று விதியில் ஒரு வரி சேர்த்தார். ஈரத் துண்டு உட்பட. அந்த வரியை எழுதியபோது தன் கறார்த்தனத்தில் அவருக்கு ஒரு திருப்தி இருந்ததே, அதைத்தான் இப்போது கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போல இருந்தது. செவ்வாய்க்கிழமை கோப்புகளை எடுத்துப் பார்த்தார். மருந்து நிறுத்தப்பட்டவர்கள் அறுபத்தொரு பேர். அதில் நாற்பத்து நாலு பேரை நிறுத்தியது சித்திரைக்கும் ஆடிக்கும் நடுவில். மார்கழியில் நிறுத்தப்பட்டவர் இருவர். நோய்க்குப் பஞ்சாங்கம் தெரியுமா? புதன்கிழமை பூராவும் இரண்டு பேரை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நடுவில் சோதனை முறையை மாற்றினால் ஆய்வே கெட்டுப்போகும் என்று சொல்லிக்கொண்டார். இன்று காலை பிரிசில்லா வாசலில் நின்று, சார், கொளஞ்சிக்குக் கீழே வைக்கலாமா, இங்கேயா என்று மெதுவாகக் கேட்டாள். வழக்கம் போல என்றார். வழக்கம் போல. வாயிலிருந்து அந்த இரண்டு சொல் வந்தபோதே அது பொய் என்று தெரிந்தது. தெரிந்துதான் ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். அப்படியானால் முன்னே செய்தது பிழை, இன்றைக்குச் செய்வது வேறு. இன்றைக்குச் செய்வதற்குப் பெயர் என்ன?

"திரும்பலாம்." எழுபத்தைந்து. அவள் உடனே நடக்கவில்லை. கோட்டின் மேல் நின்று இரண்டு மூச்சு வாங்கினாள். நிற்கலாம், விதி அனுமதிக்கிறது, பத்து நொடி. ஆறாவது நொடியில் புறப்பட்டாள். வலது கால் இப்போது முன்னால் போகவில்லை, பக்கவாட்டில் அரைவட்டம் போட்டு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு அரைவட்டத்துக்கும் தோள் ஏறி இறங்கியது. பெஞ்சில் மதியழகன் தடியைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாக எழுந்து நின்றான். எழுந்தால் அவள் கவனம் சிதறும் என்று தோன்றியதோ என்னவோ, மறுபடி உட்கார்ந்தான். எண்பது. போன டிசம்பரில் இவள் நூறும் நடந்து, இன்னும் கொஞ்சம் நடக்கட்டா சார் என்று கேட்டாள், அவர் பதில் சொல்லவில்லை. இதே கால். பேசாமல் இரு, நடக்கட்டும், நடந்தாலும் நடந்துவிடுவாள், அப்புறம் இதைப் பற்றி யோசிக்கலாம், ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது, அதற்குள் முறையாக ஒரு சிறு ஆய்வு வைத்து, கீழே பத்துப் பேர், மேலே பத்துப் பேர், கட்டுரையில் ஒரு அடிக்குறிப்பாக. எண்பத்தாறு. அடிக்குறிப்பு. தூ. எண்பத்தெட்டு. இவள் விழுந்தால் அறுபத்திரண்டு. அவருக்கு முன்னால் இரண்டடி தூரத்தில் அறுபத்திரண்டாவது நபர் வியர்வை சொட்ட நடந்துகொண்டிருந்தாள், அவர் எண்ணிக்கொண்டிருந்தார். தொண்ணூற்றொன்று. இடது முழங்கால் மடங்கியது. கொளஞ்சியின் வலது கை விரல்கள் விரிந்து சுவரை நோக்கிப் போயின. சுவருக்கும் விரலுக்கும் ஒரு சாண் இருந்தது. அந்த ஒரு சாணுக்குள் அவர் அவள் முழங்கையைப் பிடித்துவிட்டார்.

சோதிக்கிறவர் நோயாளியைத் தொட்டால் சோதனை செல்லாது. தோற்றதாகவும் ஆகாது, ஜெயித்ததாகவும் ஆகாது, நடக்காததாக ஆகிவிடும். பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒருவரையும் தொட்டதில்லை. வராந்தாவின் கோடியில் பிரிசில்லா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

கொளஞ்சி கையை உதறினாள். உதறிய வேகத்தில் சாய்ந்து அவர் தோள் மேலேயே விழ வேண்டி வந்தது. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"எதுக்குப் பிடிச்சீங்க?" என்றாள். "ஒம்பதே மீட்டர் சார். நான் செவுத்தத் தொட்டனா? தொடல இல்ல? நடந்துருப்பன். எதுக்குப் பிடிச்சீங்கன்னு கேக்குறன்."

மதியழகன் தடியோடு ஓடி வந்து, சாரிடம் அப்படிப் பேசாதே என்று அடக்கப் பார்த்தான். அவள் அவனையும் ஒரு பார்வை பார்த்தாள். ஆறு வருஷமாக இந்த ஆள் தன் பின்னால் பேய் மாதிரி நடந்து வந்ததாகவும், ஒரு நாள் வாயைத் திறந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை என்றும், இன்றைக்கு மட்டும் என்ன கை நீள்கிறது என்றும் சொன்னாள். பிரிசில்லா படிவத்தை நீட்டினாள். சோதனை செல்லாது என்றால் காரணம் எழுத வேண்டும் சார், கட்டத்தில் ஒரு வரிதான் இடம் இருக்கிறது என்றாள். அவர் படிவத்தை வாங்கிக் கண்ணாடியில் வைத்து எழுதினார். கண்ணாடி கையைச் சுட்டது. வராந்தாவின் சூட்டில் எடுக்கிற அளவு நோயின் அளவு அல்ல, பன்னிரண்டு வருஷமாக இங்கே எடுத்த எதுவும் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. பிரிசில்லா படித்தாள். இது திட்டக் கமிட்டிக்கு அப்படியே போகும் சார், திருத்த முடியாது என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னாள். போகட்டும் என்றார். இந்த ஒரு வரியை எழுத இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை என்பதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"உங்க கால்ல தப்பு இல்ல," என்றார் கொளஞ்சியிடம். அவர் குரல் அவருக்கே புதிதாகக் கேட்டது. "இடத்துல தப்பு. இந்தச் சூட்டுல யாருக்கும் கால் வராது. நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கீழ பழைய கட்டடத்துல நடங்க. ராத்திரி தங்க இங்கேயே ஏற்பாடு பண்ணுதேன். மருந்து நிக்காது."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து அவரை நிமிர்ந்து பார்த்தாள். சந்தோஷம் எதுவும் முகத்தில் வரவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரிக்கு ஒரு தாளில் உள்ள பிழை எத்தனை தாளில் இறங்கியிருக்கும் என்று கணக்குப் போடத் தெரியும்.

"அப்ப பண்ருட்டி அமலோற்பவத்துக்கு?" என்றாள்.

எந்த அமலோற்பவம் என்று கேட்டார்.

"தையக்காரி சார். போன வருசம் வைகாசில இதே எடத்துல நிறுத்துனீங்க. நாலு மீட்டருன்னு சொல்லிச் சொல்லி அழுதா. அவளுக்கும் எடத்துலதான் தப்பா?"

"ஆமா."

"இப்ப எப்படி இருக்கான்னு தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. மருந்து நின்ற அன்றைக்குக் கோப்பை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுத அந்தக் கோப்பில் பக்கமே கிடையாது. அந்தக் கோப்பை வடிவமைத்தது யார் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டுச் சலித்துவிட்டது. தெரியாது என்றார்.

"பொரண்டு படுக்கணும்னா அவ மாமியா வரணும்," என்றாள் கொளஞ்சி. "மெசினை வித்துட்டாங்க."

மதியழகன் போதும் விடு என்றான். அவள் விடவில்லை. தன் பையைத் துழாவி செல்போனை எடுத்து, எண்ணைத் தேடி, அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். கமிட்டி, கடிதம், முறையான அறிவிப்பு, மருந்தை மறுபடி தொடங்கினாலும் போன கால் திரும்புமா என்கிற கேள்வி, எல்லாம் அவர் வாய்வரை வந்தன. ஒவ்வொன்றும் நியாயமானது. ஒவ்வொன்றின் மேலும் அவருக்கு அருவருப்பு வந்தது. முறையாகத்தான் எல்லாம் செய்வோம் அம்மா, முதலில் கமிட்டியிடம் என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எழுதி அனுப்புறதெல்லாம் அப்புறம் அனுப்புங்க," என்றாள் அவள். "இத எம் முன்னாடி பேசுங்க."

அவர் தன் போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினார். நாலைந்து தடவை மணி அடித்தது. ஒரு முதிய பெண் குரல் எடுத்து யாரு என்றது. அமலோற்பவத்திடம் பேச வேண்டும் என்றார். இரும்மா, காதுல வைக்கிறன் என்று அந்தக் குரல் யாரிடமோ சொன்னது. துணி சரசரத்தது, கட்டில் ஒரு தடவை முனகியது. பிறகு, "யாருங்க?" என்று மெலிந்த ஒரு குரல் வந்தது.

அவர் தன் பெயரைச் சொன்னார். மறுபடியும் யாருங்க என்றாள். அந்தப் பெயரை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பட்டத்தைச் சேர்த்துச் சொன்னார், துறையைச் சொன்னார், அதற்கும் யாருங்க என்றுதான் கேட்டாள். கொளஞ்சி கண்ணெடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரி வராந்தால உங்களுக்குப் பின்னாலேயே நடந்து வந்தேனே," என்றார். "அந்த ஆள்."

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தார். வைத்துவிடட்டும் என்றும் நினைத்தார்.

"சொல்லுங்க," என்றாள் அமலோற்பவம்.